“போர்டு ஆடுது மிஸ்”: தலையில் அடிபட்ட பிள்ளை பள்ளிக்குத் திரும்பும்போது

[எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டு, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் செப்பனிட்டிருக்கிறோம்.]

நான் ஒரு கணக்கு டீச்சர். சென்னையில எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். இன்னைக்குப் பேசப் போறது கணக்கு இல்ல. தலையில அடிபட்ட ஒரு பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் வரும்போது என்ன நடக்குது, என்ன நடக்கணும், அதைப் பத்தி. நான் டாக்டர் இல்லன்னு முதல்லயே சொல்லிடறேன். ஒரு பையன் விஷயத்துல தப்புப் பண்ணின டீச்சர். அந்தத் தகுதியில பேசறேன்.

இதைக் கேக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு இன்னும் கல்யாணமே ஆகியிருக்காது, தெரியும். ஆனா வீட்ல ஒரு தம்பியோ தங்கச்சியோ அக்கா பையனோ இருப்பாங்க. அவங்கள வண்டி பின்னாடி உக்கார வெச்சு ஸ்பீடு பிரேக்கர்ல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போறது நீங்கதான். அதனால கேளுங்க.

அந்தப் பையன் பேரு வேண்டாம். ஃபுட்பால்ல கோல்கீப்பர், கீப்பர்னே கூப்பிடறேன். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பந்தைப் பிடிக்கப் பாஞ்சப்போ எதிர் டீம் பையனோட முட்டி இவன் நெத்திப்பொட்டுல இடிச்சுடுச்சு. மயங்கல. எழுந்து நின்னான், ஆனா ஸ்கோர் என்னன்னு கேட்டா தெரியல. பி.டி. சார் உடனே வெளியே உக்கார வெச்சு வீட்டுக்குப் போன் பண்ணிட்டார். ஆஸ்பத்திரி, சி.டி. ஸ்கேன், எல்லாம் நார்மல். சீட்டுல கன்கஷன்னு எழுதி, கீழ ‘ஓய்வு’ன்னு ஒரு வார்த்தை. திங்கட்கிழமை பையன் பையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டான். கேட்ல அவங்க அம்மா, “ஸ்கேன் நார்மல் மிஸ்”ன்னு சொன்னப்போ எனக்கும் அப்பாடான்னு இருந்தது. சீட்டுல இருந்த மத்த வார்த்தைகள நாங்க யாரும் படிக்கல. ‘நார்மல்’ங்கறது அவ்வளவு பெரிய வார்த்தை.

செவ்வாய்க்கிழமை என்னோட சைக்கிள் டெஸ்ட். இருபத்தஞ்சு மார்க். பாதி நேரம் போனதுமே கீப்பர் டெஸ்க்ல தலைய வெச்சுட்டான். “என்னப்பா, ராத்திரி முழுக்க மேட்ச் பாத்தியா?”ன்னேன். “இல்ல மிஸ், போர்டு ஆடுது”ன்னான். வகுப்பு மொத்தமும் சிரிச்சுது. நானும் சிரிச்சேன். வழக்கமா இருபத்தி ரெண்டு வாங்கற பையன், அன்னைக்கு ஆறு. பேப்பர்ல சிவப்பு மையில ‘கேர்லெஸ்’னு எழுதினேன்.

அதே வாரம் அதே வகுப்புல ஒரு பொண்ணு கையில மாவுக்கட்டோட வந்தா. கட்டு மேல எல்லாரும் பேர் எழுதினாங்க. ரெண்டு பேர் அவ பையைச் சுமந்தாங்க. “நீ எழுத வேண்டாம்மா, கவனிச்சா போதும்”ன்னு நானே சொன்னேன். அந்தக் கட்டு கண்ணுக்குத் தெரிஞ்சுது. இவனுக்குத் தெரியற மாதிரி ஒண்ணுமே இல்ல. நெத்தியில வீக்கம்கூட வடிஞ்சுடுச்சு.

என்னை நிறுத்தினது பி.டி. சார்தான். ஸ்டாஃப் ரூம்ல டீ குடிச்சுக்கிட்டே சாதாரணமா கேட்டார். “மிஸ், டாக்டர் எழுதித் தர்ற வரைக்கும் அவனை நான் கிரவுண்டுக்குள்ளயே விடப் போறதில்ல. பந்தைத் தொடாதேன்னு சொல்லிட்டேன். நீங்க அஞ்சாவது நாளே பரீட்சை வெச்சிருக்கீங்க. அடிபட்டது மூளையில. அது காலுக்கு மட்டுமா வேலை செய்யுது?”

என்கிட்ட பதில் இல்ல. அன்னைக்கு ராத்திரி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன்.

ஒண்ணு உடனே புரிஞ்சுது. கிரவுண்டைப் பத்தி உலகம் ரொம்ப நாளாவே யோசிச்சிருக்கு. 2006-ல அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலத்துல ஸாக்கரி லிஸ்டெட்னு 13 வயசுப் பையன் அவங்க ஊர் ஃபுட்பால்ல தலையில அடிபட்டு, அதே மேட்ச்ல திரும்ப இறங்கி ஆடி, மூளையில ரத்தக்கசிவாகி விழுந்தான். கோமாவுக்குப் போய், பிழைச்சு, நிக்கறதுக்கே வருஷக்கணக்குல போராடினான். அவன் பேர்ல 2009-ல அந்த மாநிலத்துல ஒரு சட்டம் வந்துச்சு: சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடு, மருத்துவத் துறையில இருக்கறவங்க எழுதித் தராம திரும்ப ஆட விடாதே. சில வருஷத்துல அமெரிக்காவோட எல்லா மாநிலங்களும் அப்படி ஒரு சட்டம் போட்டுடுச்சு. கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல, ரக்பி ஆடி 2013-ல இறந்துபோன 17 வயசு ரோவன் ஸ்டிரிங்கர் பேர்ல 2018-ல ‘ரோவன் சட்டம்’ வந்துச்சு. எல்லாமே திடலை மனசுல வெச்சு ஆரம்பிச்ச கதைகள். கணக்கு பீரியடை நினைச்சு யாரும் ஆரம்பிக்கல. ஆனா ஒரு பிள்ளை நாள் முழுக்க மூளையை வெச்சு உழைக்கற இடம் கிரவுண்டா, வகுப்பறையா?

சரி, உள்ள என்ன ஆகுது? மண்டை ஓட்டுக்குள்ள ஒரு திரவத்துல மூளை மிதந்துக்கிட்டிருக்கு. வேகமா ஒரு இடி விழுந்தா அது உள்ளேயே குலுங்குது. செல்கள் இழுபடுது. செல்லுக்கு உள்ள இருக்க வேண்டிய உப்பு வெளியே வருது, வெளியே இருக்க வேண்டியது உள்ள போகுது. அதையெல்லாம் திரும்பப் பழையபடி கொண்டுவர மூளைக்கு எக்கச்சக்கமா சக்தி தேவைப்படுது. அந்த நேரம் பாத்து ரத்த ஓட்டமும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. செலவு ஜாஸ்தி, வரவு கம்மி. இதுல எதுவும் சி.டி.யில தெரியாது. சி.டி. எலும்பு உடைஞ்சிருக்கா, ரத்தம் கசியுதான்னு பாக்கும். அது நார்மல்னா உயிருக்கு ஆபத்தானது இல்லன்னு அர்த்தம். அடியே படலன்னு அர்த்தம் இல்ல. அதே மாதிரி, மயங்கி விழுந்தாதான் கன்கஷன்னு நினைக்கறதும் தப்பு. பெரும்பாலானவங்க மயங்கறதே இல்ல.

எனக்கு நானே சொல்லிக்கிட்ட உதாரணம் இன்வர்ட்டர். கரண்ட் போன வீட்ல இன்வர்ட்டர் ஓடுது. ஃபேன் சுத்தும், லைட் எரியும். தெருவுல இருந்து பாத்தா கரண்ட் இருக்கற வீடு மாதிரியே தெரியும். அப்போ பாத்து யாராவது மிக்ஸியைப் போட்டா, ‘கீ’ன்னு கத்திட்டு மொத்தமா அணைஞ்சுடும். நான் போட்ட மிக்ஸிதான் அந்த சைக்கிள் டெஸ்ட்.

‘போர்டு ஆடுது’ங்கறதும் கதை இல்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கன்கஷன் ஆன பிள்ளைகள்ல நிறையப் பேருக்குக் கண்ணு தூரத்துல இருந்து கிட்டத்துக்கும், கிட்டத்துல இருந்து தூரத்துக்கும் மாறி மாறிக் குவியறது சிரமமாயிடுது. எங்க வகுப்புல பிள்ளைங்க என்ன பண்ணுதுன்னு யோசிச்சுப் பாருங்க. போர்டைப் பாரு, நோட்டைப் பாரு, போர்டைப் பாரு, நோட்டைப் பாரு. ஒரு பீரியடுல ஐம்பது தடவையாவது இருக்கும். கூடவே தலைக்கு மேல கடகடன்னு ஃபேன், ஜன்னல் வெயில் நேரா முகத்துல, ஸ்மார்ட் போர்டு வெளிச்சம், பெல் சத்தம். நல்லா இருக்கறவங்களுக்கு இதெல்லாம் பழகிப்போயிடும், அவ்வளவுதான்.

இதுவரைக்கும் கேட்டுட்டு, “அப்போ பிள்ளையை ஒரு மாசம் வீட்லயே வெச்சுக்கலாமே”ன்னு தோணும். அதுவும் தப்பு. அந்தத் தப்பை எங்க வீட்லயே பாத்தேன்.

என் தங்கச்சி கோயம்புத்தூர்ல இருக்கா. அவ பொண்ணு ஏழாவது. ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து போனப்போ விழுந்துட்டா. அம்மா தலையில ஹெல்மெட், பொண்ணு தலையில கிளிப்பு மட்டும். ஸ்கேன் நார்மல். டாக்டர் ரெஸ்ட்டுன்னு சொன்னதை என் தங்கச்சி தவம் மாதிரி எடுத்துக்கிட்டா. ஜன்னலுக்குத் திரை, போன் இல்ல, டி.வி. இல்ல, புத்தகம் இல்ல, பக்கத்து வீட்டுப் பொண்ணுகூட வரக்கூடாது. மூணாவது வாரம் நான் போனப்போ அந்தக் குழந்தை பகல்ல தூங்கி ராத்திரி முழிச்சுக்கிட்டிருந்தா. தலைவலி குறையல. “ஸ்கூலுக்கு எப்போ போற?”ன்னு கேட்டதும் கண்ணுல தண்ணி. “எல்லாரும் எங்கயோ போயிட்டாங்க பெரியம்மா, எனக்கு ஒண்ணுமே தெரியாது”ன்னா. அவளோட தோழிகள் யூனிட் டெஸ்ட் முடிச்சு அடுத்த பாடத்துக்குப் போயிருந்தாங்க. அதைத்தான் சொல்றா.

என் தங்கச்சியைக் குறை சொல்ல முடியாது. ‘இருட்டு அறை ஓய்வு’ ரொம்ப நாள் டாக்டர்களே சொன்னதுதான். அப்புறம் அதைச் சோதிச்சுப் பாத்தாங்க. 2015-ல வெளியான ஒரு ஆய்வு, அமெரிக்காவோட விஸ்கான்சின்ல நடந்தது. 11-லிருந்து 22 வயசு வரைக்கும் உள்ளவங்களைக் குலுக்கல் மாதிரி ரெண்டா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு அஞ்சு நாள் முழு ஓய்வு. இன்னொண்ணுக்கு ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு, அப்புறம் படிப்படியா வழக்கமான வேலைகள். அஞ்சு நாள் படுத்திருந்தவங்கதான் அதிகத் தொந்தரவு சொன்னாங்க, குணமாகவும் அதிக நாள் ஆச்சு. 2023-ல கனடாவுல இருந்து இன்னொண்ணு, 1,630 பிள்ளைகள். மூணு நாளுக்குக் குறைவா லீவு போட்டுட்டுப் பள்ளிக்குத் திரும்பினவங்களுக்கு ரெண்டு வாரம் கழிச்சுத் தொந்தரவு குறைவா இருந்துச்சு, முக்கியமா 8 வயசுக்கு மேல. கணக்கு டீச்சரா ஒரு எச்சரிக்கை: இந்த ரெண்டாவது ஆய்வு குலுக்கல் முறை இல்ல, அதனால சீக்கிரம் போனதாலதான் குணமாச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா சீக்கிரம் போனா கெட்டுப்போயிடும்ங்கற பயத்துக்கு அதுல இடம் இல்ல.

போன் விஷயத்துல மட்டும் என் தங்கச்சி பாதி சரி. 2021-ல வந்த ஒரு ஆய்வுல முதல் 48 மணி நேரம் திரையைத் தவிர்த்தவங்களுக்குத் தொந்தரவு நடுவாந்திரமா மூணரை நாள்ல அடங்குச்சு. தவிர்க்காதவங்களுக்கு எட்டு நாள். 48 மணி நேரம்னா ரெண்டு நாள். மூணு வாரம் இல்ல.

என் இன்வர்ட்டர் உதாரணம் இங்க உதவாதுன்னு கவனிச்சிருப்பீங்க. இன்வர்ட்டரை அணைச்சு வெச்சா பேட்டரி மிச்சமாகும். மூளை அப்படி இல்ல. கொஞ்சம் கொஞ்சமா வேலை கொடுத்தாதான் தேறும்.

அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு? 2022 அக்டோபர்ல ஆம்ஸ்டர்டாம்ல இதுக்காகவே உலக நிபுணர்கள் கூடினாங்க. அடுத்த வருஷம் வெளியான அவங்க அறிக்கையில ஒரு கணக்கு இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சுது. முதல் ஒண்ணு ரெண்டு நாள் அளவான ஓய்வு. வீட்டுக்குள்ள நடக்கலாம், பேசலாம், சாப்பிடலாம். அப்புறம் எந்த வேலையைத் தொடங்கறதுக்கு முன்னாடியும் பிள்ளைகிட்ட தொந்தரவுக்கு ஒரு எண் கேளுங்க, பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள. அஞ்சு நிமிஷம், பதினஞ்சு நிமிஷம் படிக்கட்டும். திரும்பக் கேளுங்க. ரெண்டு வரைக்கும் ஏறி, ஒரு மணி நேரத்துக்குள்ள இறங்கிடுச்சுன்னா பரவாயில்ல, தொடரலாம். அதுக்கு மேல ஏறினா நிறுத்தி, அடுத்த தடவை அளவைக் குறைங்க. தலைவலி சுத்தமா பூஜ்யம் ஆகற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வீட்ல வீட்டுப்பாடம் தாங்கினா பள்ளிக்குப் பாதி நாள். அது தாங்கினா முழு நாள்.

ரெண்டு புள்ளி, ஒரு மணி நேரம். இதை நான் ஒரு அட்டையில எழுதி கீப்பர் டெஸ்க்ல ஒட்டினேன். அவங்க அம்மாவை வரவழைச்சு, பி.டி. சாரும் நானும் உக்காந்து ஒரே ஒரு ஏ4 தாள்ல திட்டம் போட்டோம். பிரேயர் முடிஞ்ச பிறகு வந்தா போதும், மதியச் சாப்பாட்டோட வீட்டுக்கு. ஜன்னல் பக்கம் இருந்த இடத்தை மாத்தினோம். போர்டைப் பாத்து எழுத வேண்டாம், பக்கத்துப் பையன் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கலாம். எண் ஏறினா கை தூக்கி அனுமதி கேக்க வேண்டாம், அட்டையை மேசை மேல திருப்பி வெச்சுட்டு லைப்ரரிக்குப் போய் பத்து நிமிஷம் உக்காரலாம். டெஸ்ட் எதுவும் இல்ல. விட்டுப்போன டெஸ்ட் எல்லாத்தையும் ஒரே வாரத்துல வைக்கவும் கூடாது. இதைத் தனியா எழுதச் சொன்னது நான்தான், எங்க ஆளுங்களைத் தெரிஞ்சதால.

கேக்க சுலபமா இருக்கு இல்ல? ஒருத்தர், “எல்லாரும் தலைவலின்னு சொன்னா என்ன பண்றது?”ன்னு கேட்டாங்க. இன்னொருத்தர் ரெக்கார்டு நோட்டு முடிக்காததுக்கு அவனை நிக்க வெச்சாங்க. அவங்க மோசமானவங்க இல்ல. ஒரு வாரம் முன்னாடி அந்த இடத்துல நான்தான் இருந்தேன்.

பெரிய ஓட்டை வேற இடத்துல இருந்தது. நாலாவது நாள் காலையில வரும்போதே அவன் எண் ஆறு. என்னடான்னு விசாரிச்சா, மதியம் வீட்டுக்குப் போறான், சாயங்காலம் ஆறு மணிக்கு ட்யூஷன் போறான்! ரெண்டு மணி நேரம், சின்ன ரூம்ல இருபது பேர். “ஸ்கூலைத்தானே மிஸ் பாதி நாள்னு சொன்னீங்க?”ன்னு அவங்க அம்மா அப்பாவியா கேட்டாங்க. நானும் தாள்ல ட்யூஷனை எழுதல. நம்ம ஊர்ல பிள்ளையோட நாளுக்கு ரெண்டு ஷிஃப்ட் இருக்குங்கறது ஆம்ஸ்டர்டாம் அறிக்கைக்கு எப்படித் தெரியும்? ட்யூஷனை நிறுத்தினோம். அவங்க அப்பா முகம் போன போக்கைப் பாத்தா நான் ஏதோ பையனோட எதிர்காலத்தையே நிறுத்தின மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் இன்னொரு சறுக்கல். ஆண்டு விழா ஒத்திகை. மூடின ஹாலுக்குள்ள டிரம்ஸ். வேடிக்கை பாக்கப் போயிருக்கான். திரும்பி வந்து லைப்ரரியில சுவரைப் பாத்து உக்காந்துட்டான். எண் ஏழு. அன்னைக்கு அவன் கேட்ட கேள்வி: “மிஸ், நான் இப்படியே இருந்துடுவேனா?”

பதிமூணு வயசுப் பையன் அஞ்சு நாளா அந்தக் கேள்வியை வெச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கான். யாருக்கும் தோணல, அவன்கிட்ட உக்காந்து என்ன ஆச்சுன்னு சொல்லணும்னு. அன்னைக்குச் சொன்னேன். உன் மூளை உடையல, குலுங்கியிருக்கு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலு வாரத்துக்குள்ள சரியாயிடும். அதுக்கு மேல போனாலும் டாக்டருங்ககிட்ட வழி இருக்கு, கழுத்துக்கு, கண்ணுக்கு, தலைசுத்தலுக்குத் தனித்தனியா பயிற்சி இருக்கு. ஏழு இன்னைக்கு ராத்திரிக்குள்ள இறங்கும். இறங்குச்சு.

முதல் ரெண்டு நாளைப் பத்தி ஒண்ணு சொல்லாம விட்டா தப்பாயிடும். வாந்தி திரும்பத் திரும்ப வருது, தலைவலி ஏறிக்கிட்டே போகுது, எழுப்பினா எழ மாட்டேங்குது, வலிப்பு, பேச்சு குழறுது, ஒரு பக்கம் கை கால் தளருது, ரெண்டு கண் பாவையும் வேற வேற அளவுல தெரியுது, ஆள் அடையாளம் தெரியாம உளறுது. இதுல எது வந்தாலும் யோசிக்காதீங்க, 108. முன்னாடி எடுத்த ஸ்கேன் நார்மல்னு உக்காந்திருக்காதீங்க. மத்தபடி, டாக்டர் பாத்து வீட்டுக்கு அனுப்பின குழந்தையை, ‘தலையில அடிபட்டா தூங்க விடக் கூடாது’ன்னு பாட்டி சொல்லைக் கேட்டு ராத்திரி முழுக்க உலுக்கிக்கிட்டே இருக்க வேண்டாம். அந்த மூளைக்குத் தூக்கம்தான் முதல் மருந்து.

கீப்பர் மூணாவது வாரம் முழு நாள் வர ஆரம்பிச்சான். கிரவுண்டு அதுக்கும் அப்புறம்தான். பி.டி. சார் அதுல கறார். முதல்ல நடை, அப்புறம் மெதுவா ஓட்டம், அப்புறம் தனியா பந்து. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு நாள். இன்னொருத்தர் மேல மோதற ஆட்டம், எல்லாத் தொந்தரவும் போய், டாக்டர் எழுதித் தந்த பிறகுதான். முதல் அடி ஆறறதுக்குள்ள ரெண்டாவது அடி விழுந்தா என்ன ஆகும்னுதான் ஸாக்கரி கதையில பாத்தோமே.

கோயம்புத்தூர்ப் பொண்ணையும் பாதிப் பாதி நாளா ஆரம்பிச்சு அனுப்பினோம். அவளுக்குத் தலைவலியைவிடப் பயம்தான் அதிக நாள் இருந்தது. முதல் நாள் அவ தோழி ஒருத்தி கேட்ல நின்னு கூட்டிட்டுப் போனா. எந்தத் திட்டத் தாளும் அந்த அளவுக்கு உதவலன்னு என் தங்கச்சி சொல்றா.

விட்டுப்போன டெஸ்ட்டை கீப்பர் ஆறு வாரம் கழிச்சு எழுதினான். இருபத்தி ஒண்ணு. பழைய பேப்பரைக் கொண்டு வரச் சொல்லி, ‘கேர்லெஸ்’ஸை அடிச்சு, ரிஜிஸ்டர்ல திருத்தம் போடற மாதிரி பக்கத்துல சின்னக் கையெழுத்து போட்டேன். வகுப்புல எல்லார் முன்னாடியும், அன்னைக்கு நான் சிரிச்சது தப்புன்னும் சொன்னேன். பிள்ளைங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. கடைசி பெஞ்சுல இருந்து ஒருத்தன், “மிஸ், எனக்கும் போர்டு ஆடுது”ன்னான். அவனுக்கு ஆடல, எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வாரமே அவனைக் கண் டாக்டர்கிட்ட காட்டச் சொன்னேன். கண்ணாடி போட்டுக்கிட்டு வந்தான்.

ஆண்டு விழா அன்னைக்கு கீப்பர் ஹாலுக்குள்ள போகாம, வாசல்ல என் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தான். டிரம்ஸ் ஆரம்பிச்சுது. நான் திரும்பி அவனைப் பாத்தேன். ரெண்டு விரலைக் காட்டினான். ஒரு பாட்டு முடிஞ்சுது. அடுத்த பாட்டுக்கு ஒரு விரல். மூணாவது பாட்டுக்குப் பக்கத்துல திரும்பினா ஆளே இல்ல. உள்ள முதல் வரிசையில அவன் கூட்டாளிங்களோட நின்னு கத்திக்கிட்டிருந்தான்.